அப்பா ஜாடை

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்க அறிவிப்பு ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஒரு பேக்கரியின் பின்கட்டில், மைதா மூட்டைகளுக்கும் காலி ரொட்டித் தட்டுகளுக்கும் நடுவே முறைப்படி வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் சித்தப்பா. கேட்கத் திரண்டிருந்த பெருங்கூட்டம் நான்கு பேர். அதிலும் ஒருத்தி பிசைந்த மாவை வெட்டி உருட்டிக்கொண்டிருந்ததால், முழுக் கவனம் செலுத்தியவர்கள் மூன்றே பேர் என்று கொள்க.

சித்தப்பா ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் உண்மையான ஓய்வு கிடைத்தது அலுவலகத்துக்குத்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சின் இடப்பக்கம் தோலுக்கடியில் டாக்டர்கள் வைத்துத் தைத்திருந்த சின்னக் கருவியைச் சட்டைக்கு மேலாக இரண்டு தட்டு தட்டினார். மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. நம்ம வம்சத்தோட ஜீனைக் கண்டுபிடிச்சாச்சு."

"தொலைஞ்சு போயிருந்ததா சித்தப்பா?" என்றாள் மாவு உருட்டியவள்.

பேக்கரி அவளுடையது. சித்தப்பாவின் காலமான அண்ணனுக்கு அவள்தான் மூத்த மகள். கல்யாணத்துக்கு நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஐம்பதைத் தொட்டு, அடுப்போடு குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பவள். கூட்டத்தின் மற்ற மூவர், அவளுடைய தம்பி, தம்பி மனைவி, தம்பி மகள். சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆகவே அண்ணன் குடும்பத்தையே தன் சபையாக வரித்துக்கொண்டிருந்தார். சபையில் அது பற்றி யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை.

"விளையாடாதம்மா. இது சாதாரண விஷயமில்ல. சர்க்கரை, பிரஷர் மாதிரி தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் வர்ற வியாதியா இது? இதயத்தோட தசை தடிச்சுப் போறது. பரம்பரையா வரணும். வம்சம் வேணும் இதுக்கு!"

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் சித்தப்பா பூங்காவில் நாலு பெரியவர்களைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவே மயங்கி விழுந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதலில் அதுவும் பேச்சின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கேன், துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் அந்தக் கருவி. இதயத்தின் சுவர் தடித்திருந்தது. அண்ணனும் இப்படித்தான் போனார் என்று சித்தப்பா சொன்னதும் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கோளாறு எந்த ஜீனில் என்று பிடித்துவிட்டார்கள்.

"ஒரு ஆளுக்கு இருந்தா பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வர வாய்ப்பு இருக்காம். பாதிக்குப் பாதி! உங்கப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. அப்போ கணக்குப்படி..."

கணக்கை அவர் முடிக்கவில்லை. அவசியமும் இல்லை. ஐந்து ஜோடிக் கண்களில் நான்கு ஜோடி தம்பியின் முகத்தின்மேல் போய் உட்கார்ந்தன. ஐந்தாவது ஜோடி தம்பியுடையது. அது எதிரே தொங்கிய ரொட்டித் தட்டில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பியை ஊரில் எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கும், உயிர் போகிற அவசரத்தில் மிதிப்பதற்காக. மாஸ்டர் அதை எதிரே ஒரு பூனை யோசித்தாலே மிதிப்பார். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் லைசென்ஸ் வாங்கியதும் முதல் வேலையாக அவர் இல்லாத சாலை ஒன்றைத் தேடிப் போய் ஆசை தீர ஓட்டுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இந்த முன்ஜாக்கிரதை அவருக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்தது. அதற்கு முந்தைய நாள்வரை அவர் சுவரேறிக் குதிக்கிற சாதாரணப் பையன். அன்று அப்பா, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், நின்றுபோன ஒரு வேனை மூன்று பேரோடு சேர்ந்து தள்ளினார். வேன் கிளம்பியது. அப்பா விழுந்தார், எழவில்லை. நாற்பத்திரண்டு வயது, ஒரு தலைவலிக்குக் கூட மாத்திரை போட்டதில்லை. அறுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைவிட ரொம்பத் தடிப்பு என்றார்.

வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த நாளில் யாரோ ஒருவர் பையனைப் பார்த்து, "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றார். அதுவரை அது பாராட்டு. அன்றைக்கு அதைக் கேட்ட அம்மா, பையனைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை, தூங்கும்போது அப்பாவின் அதே குறட்டை. இவ்வளவையும் கொடுத்த மனிதர் இதயத்தை மட்டும் கொடுக்காமலா போயிருப்பார்?

அன்று முதல் அந்த வீட்டின் சட்டம் மாறியது. பையனின் பந்து பரணுக்குப் போனது. பள்ளியில் எல்லோரும் வெயிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் மரநிழலில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தான். அக்காவோ அப்படியே அம்மா ஜாடை. அம்மா வழியில் எல்லோரும் தொண்ணூறு தாண்டி, பல் போன பிறகும் சண்டை போட்டவர்கள். ஆகவே அக்காவைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. தண்ணீர்க் குடம் அக்கா, கேஸ் சிலிண்டர் அக்கா. கட்டிலை நகர்த்துவது அக்கா. நகர்த்திய கட்டிலில் படுப்பது தம்பி.

பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மாஸ்டர் எதையும் ஒளிக்கவில்லை. "எனக்கு ஆயுசு கொஞ்சம் கம்மி" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எவ்வளவு கம்மி?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்று பதில் வந்தது. அவள் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டுச் சரி என்றாள். இப்போது மாஸ்டருக்கு நாற்பத்தாறு. "ஓவர்டைம் ஓடுது" என்பது அந்த வீட்டில் அவளுடைய நகைச்சுவை. அவர் அதற்குச் சிரித்ததில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, மாஸ்டரிடம் அசைக்க முடியாத ஒரு பதில் இருந்தது. போனால், இருக்கு என்று சொல்லிவிடுவார்களே.

பேக்கரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையிலிருந்து மகள் ஆரம்பித்தாள். அவளுக்குப் பதினாறு வயது. தாத்தா முகத்தின் மூன்றாம் பதிப்பு. மூக்கில் மட்டும் சிறு திருத்தம்.

"அப்போ டெஸ்ட் இருக்குல்லப்பா?"

"எதுக்கு?"

"ஜீனுக்கு. சின்னத் தாத்தாவுக்கு எந்த ஜீன்னு தெரிஞ்சு போச்சு. அதே கோளாறு உங்களுக்கு இருக்கான்னு பார்த்தா போதும். உங்களுக்கு இல்லைன்னா எனக்கும் இருக்காது. உங்ககிட்ட இல்லாதத நான் எங்க இருந்து வாங்குவேன்?"

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம்?"

"எங்க பக்கம் மூட்டுவலி. அதுவும் அறுபதுக்கு மேலதான். ரோட்டைப் பாருங்க."

மகளுக்கு என்ன வேண்டும் என்பது காரில் இருந்த மூவருக்கும் தெரியும். அவள் ஓட வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான எண்ணூறு மீட்டர் ஓட்டம். இரண்டு வருடமாக உடற்பயிற்சி ஆசிரியை கேட்கிறார், இரண்டு வருடமாக மாஸ்டர் கூடாது என்கிறார். ஓட்டம் அப்பா ஜாடைக்கு ஆகாது. மகள் சண்டை போட்டாள், அழுதாள், ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். மாஸ்டர் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"இருக்குன்னு வந்துட்டா?" என்றார் இப்போது.

"வந்தா தெரிஞ்சுக்குவோம்."

"தெரியாமலே நல்லாத்தானே இருக்கேன்."

"யாரு, நீங்களா?" என்றாள் மனைவி. "தும்மல் வந்தாகூட நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுத் தும்முற ஆளு."

பேச்சு அத்தோடு நின்றது. விவகாரமும் நின்றிருக்கும், அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். அன்று மாஸ்டர் மாலையில் வேலை முடிந்து படியேறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழக்கம்போல மூச்சு வாங்க நிற்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. மகள். புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, உதடசைய எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவிப் போகிற பெண்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. படபடன்னு இருக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப இல்ல. இருங்க, எண்ணி முடிச்சிடறேன்."

அவள் நின்ற விதம், தலையைச் சாய்த்த கோணம், எண்ணும்போது கண்ணை மூடிக்கொண்ட அழகு எல்லாம் மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். அது அப்பாவிடமிருந்து வந்ததல்ல. அப்பா தன் நாடியைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது. அது இவரிடமிருந்து போனது. இதற்கு ஜீன்கூடத் தேவைப்படவில்லை; தினமும் ஒரே படிக்கட்டில் ஏறியதே போதுமாக இருந்தது.

அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டார். மேலே போய் மனைவியிடம், "அந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்கன்னு சித்தப்பாவைக் கேளு" என்றார். மனைவி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

மரபணு ஆலோசகர் என்றதும் மாஸ்டர் தாடியும் தடித்த கண்ணாடியுமாக ஒருவரைக் கற்பனை செய்து பயந்து வைத்திருந்தார். உள்ளே இருந்தது ஜலதோஷம் பிடித்த ஒரு இளம்பெண். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஆறிப்போன தேநீர், வாடிக்கொண்டிருந்த ஒரு தொட்டிச் செடி. சித்தப்பா தலைமை தாங்க வந்திருந்தார். அக்கா வந்தது சித்தப்பா வழியில் விழுந்தால் தூக்குவதற்கு.

ஆலோசகர் வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சித்தப்பாவின் சதுரத்தை முழுவதும் கறுப்பாக அடித்தாள்.

"எனக்கு மட்டும் ஏம்மா கரி பூசுறீங்க?"

"நோய் இருக்கறவங்களை அப்படித்தான் காட்டுவோம் சார்."

"நடுவுல போட்டா நல்லாருக்குமே. கொஞ்சம் பெருசா."

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் கறுப்பானது. அதன் குறுக்கே ஒரு சாய்கோடு விழுந்தது. காலமானவர் என்று அர்த்தம். டிப்போ எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்து, தன்னைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றிய மனிதர் கடைசியில் ஒரு கட்டமும் ஒரு கோடும் ஆகிவிட்டதை மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவிலிருந்து இரண்டு கோடுகள் கீழே இறங்கின. ஒன்றின் முனையில் சதுரம், இன்னொன்றின் முனையில் வட்டம். இரண்டும் வெள்ளை. இரண்டுக்குள்ளும் ஒரு கேள்விக்குறி.

"அங்க ஒரு கேள்வி அதிகமா இருக்கு" என்றார் சித்தப்பா. "பொண்ணுக்கு வேணாம். அவ அம்மா ஜாடை."

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "புரியல சார்."

"அவளுக்கு அவங்கம்மா முகம். இவனைப் பாருங்க, எங்கண்ணன் அச்சு. அதனால இவனுக்கு மட்டும் எடுத்தா போதும். அவ சும்மா துணைக்கு வந்தவ."

"சார், முகத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஜாடை வந்தால் இதயமும் வரும். ஒரு குடும்பம் முப்பத்து நாலு வருடமாக நின்றுகொண்டிருந்த தரை அது.

"எப்படி இல்லாம போகும்?" என்றார் சித்தப்பா, தன் பழைய அலுவலகத்தில் ஒரு கோப்பு காணாமல்போனதைக் கேட்கிற குரலில்.

"எந்த ஜீனை எடுத்தாலும் அப்பாகிட்ட ரெண்டு பிரதி இருக்கும். அதுல ஏதோ ஒண்ணுதான் பிள்ளைக்குப் போகும். காசைச் சுண்டிப் போடற மாதிரின்னு வச்சுக்குங்க. மூக்குக்குத் தனியா சுண்டணும், இதயத்துக்குத் தனியா சுண்டணும். மூக்குல பூ விழுந்தா இதயத்துலயும் பூ விழணும்னு இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா ஒரு தடவை சுண்டல். மேடம், நீங்க உட்காருங்க. உங்க ரத்தமும் வேணும். ரெண்டு பேருக்கும் ஸ்கேனும் எடுத்துடுவோம்."

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும்மா. சீக்கிரம் எடுத்துடுவீங்களா?"

ஊசி போடும்போது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஊசிக்குழலில் தன் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து அறையில் தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் பிரேக் மாஸ்டரிடம் ஓட்டப் பழகியவர்கள் பாவப்பட்டவர்கள். ஒரு நாள் வண்டி நின்றிருக்கும்போதே மிதித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கி மேலாளர், "மாஸ்டர், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல" என்றார். மகள் ஓடவும் இல்லை, ஓட வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது. முன்பு அவள் போட்ட சண்டைகளை அவர் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

அழைப்பு வந்தது. அதே அறை, அதே ஆலோசகர். ஜலதோஷம் போயிருந்தது, தொட்டிச் செடியும் போயிருந்தது. இதய டாக்டரும் உடன் இருந்தார். சித்தப்பா இந்த முறை கோட் அணிந்திருந்தார்.

"சார், உங்களுக்கு அந்தக் கோளாறு இல்ல" என்றாள் ஆலோசகர்.

மாஸ்டர் அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, "வேற யாரோடதையோ பார்க்கறீங்க போலிருக்கு" என்றார்.

"உங்களோடதுதான் சார். ரெண்டு தடவை பார்த்தாச்சு. ஸ்கேனும் சுத்தமா இருக்கு. இதயச் சுவர் இருக்க வேண்டிய அளவுலதான் இருக்கு."

"மாடி ஏறினா மூச்சு வாங்குதே?"

டாக்டர் அவரைப் பார்த்தார். பார்வை முகத்தில் தொடங்கி வயிற்றுக்கு வந்து அங்கேயே தங்கியது. "தினமும் நடக்கறது உண்டா?"

"கார்லதான்..."

"நடங்க சார்."

அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடப் பாதுகாப்பு, பரணேறிய பந்து, மரநிழல், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருத்துவ உலகம் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு ஒரே சொல். மாஸ்டருக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது. தனக்கு என்று இருந்த ஒரே விசேஷத்தை யாரோ வாசலில் நின்று திருப்பி வாங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக, வேறொன்று உறைத்தது.

"அப்போ என் பொண்ணுக்கு?"

"உங்ககிட்ட இல்லாதது அவளுக்கு வராது. அவளுக்கு டெஸ்ட்டே வேணாம்."

"ஓடலாமா?"

"ஓடட்டும், குதிக்கட்டும். என்ன வேணா பண்ணட்டும்."

மாஸ்டர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். போனை எடுத்து வீட்டு எண்ணைப் போட்டார். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா? இருக்கா?"

"இல்ல."

"இல்லன்னா... இல்லையா?"

"இல்லன்னா இல்லதான்மா. உனக்கும் இல்ல. நீ ஓடலாம்."

போன் எங்கோ வைக்கப்பட்ட சத்தம். கதவு சுவரில் மோதியது. பிறகு படிக்கட்டில் திடுதிடுவென்று கால்கள், கீழே போயின, மேலே வந்தன, திரும்பவும் கீழே. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் "யாரு அது கட்டடத்தை இடிக்கறது!" என்று கத்துவது வரை கேட்டது. மாஸ்டர் அந்தத் திட்டைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிற வருகிறவர்கள் பார்க்க, மூக்கைச் சிந்தாமல் அழுதார்.

அவர் திரும்பி உள்ளே வந்தபோது சித்தப்பா வாயடைத்து உட்கார்ந்திருந்தார். அது டாக்டர்களே கண்டிராத அறிகுறி.

"எனக்கு இருக்காம்டா" என்றாள் அக்கா.

மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். டாக்டர் அவசரமாகக் கையை அசைத்தார். "உட்காருங்க, உட்காருங்க. ஜீன்தான் இருக்கு. நோய் இல்ல. இவங்க ஸ்கேனும் நல்லா இருக்கு, தடிப்பு இல்ல, துடிப்பும் ஒழுங்கா இருக்கு. ஜீன் இருக்கற எல்லாருக்கும் நோய் வந்துடாது; சிலருக்குக் கடைசி வரைக்கும் வராமலே போகும். வந்தாலும் முன்கூட்டியே தெரிஞ்சா பார்த்துக்க இப்ப நிறைய வழி இருக்கு. உங்கப்பா காலம் இல்ல இது. வருஷா வருஷம் வந்து காட்டணும். மயக்கம், படபடப்பு, மூச்சு முட்டல் வந்தா உடனே வரணும். அப்புறம் அந்த மாவு மூட்டையை நீங்களே தம் கட்டித் தூக்கறத விடணும்."

"எத்தனை வருஷமா தூக்கறேன்னு கேட்டார்" என்றாள் அக்கா தம்பியிடம். "சொன்னேன். அவருக்குத்தான் மயக்கம் வரும் போல இருந்துச்சு."

"அக்கா..." என்றார் மாஸ்டர். குடம், சிலிண்டர், கட்டில் என்று ஒவ்வொன்றாக அவர் தலைமேல் வந்து இறங்கின.

"நல்லவேளைடா."

"எது நல்லவேளை?"

"உனக்கு இல்லாதது. இருக்குன்னு சொல்லியிருந்தா இந்நேரம் செத்திருப்ப. வியாதியில இல்ல, பயத்துல. எனக்கென்ன, பதினாறு வயசுல சொல்லியிருந்தா நானும் மரத்தடியில உட்கார்ந்து எல்லார் பையையும் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். எனக்கு அது ஆகாதுப்பா. மூக்கைத் துடை, அசிங்கமா இருக்கு."

சித்தப்பா இதற்குள் தேறியிருந்தார். மெல்ல எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, அக்காவின் தோளில் கையை வைத்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். உன் நடையில ஒரு கம்பீரம் இருக்கும். நம்ம வம்சத்துக் கம்பீரம்."

"எப்ப சித்தப்பா? கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றப்பவா?"

டாக்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் விடியலில் பேக்கரிக்கு மைதா வந்து இறங்கியது. மாஸ்டர் போய் நின்றார். வாழ்நாளின் முதல் மூட்டையைத் தூக்கினார். வாசலிலிருந்து அடுப்படிவரை கொண்டுபோனார். அங்கே அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் இடுப்பில் வலி நிவாரணத் தைலம். நான்காம் நாள் அக்கா ஒரு தள்ளுவண்டி வாங்கினாள். இந்த யோசனை முப்பது வருடத்தில் ஒருவருக்கும் தோன்றாதது ஏன் என்று கேட்டதற்கு, "நான்தான் இருந்தேனே" என்றாள்.

பந்தய நாள் வந்தது. மைதானத்தில் குடும்பமே ஆஜர். சித்தப்பா மேடைக்கு அருகில் நாற்காலி பிடித்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத இருவருக்கு மரபியல் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் ஒரு மகத்தான திறமை கூண்டுக்குள்ள கிடந்ததுங்க. சிங்கத்தைக் கட்டிப் போட்ட மாதிரி. இன்னைக்குப் பாருங்க." மாஸ்டருக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் அறுத்துக்கொண்டிருந்தது. தன் பயத்தால் ஒரு வீராங்கனையை இரண்டு வருடம் பூட்டி வைத்துவிட்டோம்; அவள் எத்தனை பதக்கம் வாங்கியிருப்பாள், எந்தெந்த ஊருக்குப் போயிருப்பாள். அக்கா ஒரு பை நிறையச் சூடான பன்னோடு வந்து உட்கார்ந்தாள். வெற்றி விழாவுக்கு என்றாள். மனைவி போனில் படம் எடுக்கத் தயாராக, எல்லைக்கோட்டுக்கு நேராக இடம் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி, முதல்ல வர்றவளை மறைக்காத" என்றாள் அக்கா.

துப்பாக்கி வெடித்தது. பெண்கள் கிளம்பினார்கள். முதல் சுற்றில் யார் எங்கே என்று தெரியாத தூசி. இரண்டாவது சுற்றில் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். தூரத்து வளைவில் மகள் திரும்பினாள். முகம் ரத்தமாகச் சிவந்து, வாய் திறந்து, முடி கலைந்து, மூக்கு விடைத்து, அசல் அப்பாவாக. கைகளைக் கத்தி மாதிரி வீசினாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அதற்குள் இருந்த இதயம் எந்தக் குறையுமில்லாமல், எவருடைய அனுமதியும் கேட்காமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். அக்கா கத்தினாள். சித்தப்பா, அதிர்ச்சிக் கருவியையும் பொருட்படுத்தாமல், நாற்காலியின்மேல் ஏறப் பார்த்தார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நேர்க்கோட்டில் பாய்ந்தாள்.

எட்டுப் பேர் ஓடியதில் எட்டாவதாக வந்தாள்.